எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

கண்ணாடி ஸ்லைடில் ரத்தம் இழுப்பதில் எனக்கு ஒரு காலத்தில் கொஞ்சம் திமிரே இருந்தது. ஒரு துளியை ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் ஒரே இழுப்பு இழுத்தால் ரத்தம் மெல்லிய ஏடாகப் படிய வேண்டும். கை நடுங்கினால் கெட்டது. எனக்கு நடுங்கியதே இல்லை. கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன லேபில் மெஷின் வந்து பல வருடமாகிறது. ஆனாலும் சந்தேகம் வந்தால் ஊர் டாக்டர்கள் என் முதலாளிக்குப் போன் போட்டு, "அந்தம்மா கண்ணால பாத்துச்சான்னு கேளு பாய்" என்பார்கள். பாயும் பெருமையாக என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெருமையை நான் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது அத்தை மகனோடு. அப்பாவின் கூடப் பிறந்த அத்தை. எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக் கரும்புத் தோட்டத்துக்கும் ஒரே வரப்பு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஞாபகம் இல்லை. நான் பாவாடை கட்டிய நாளிலிருந்தே அத்தை என்னை "எம் மருமவ" என்றுதான் கூப்பிட்டாள். "வெளிய குடுத்தா எப்டிப்பட்ட எடமோ. நம்ம ரத்தம் நம்ம வூட்லயே இருக்கட்டும்" என்பாள். எனக்கும் மறுப்பு இல்லை. அவரைப் பிடிக்கும். சின்ன வயதிலிருந்து கூப்பிட்டபடியே இன்றும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். வெள்ளிமலையில் அரசுப் பள்ளியில் வாத்தியார். திங்கட்கிழமை காலை மலை பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். கள்ளக்குறிச்சி வாடகை வீட்டில் நானும் அத்தையும்.

முதலில் மகன் பிறந்தான். நான்கு மாதம் வரை கொழுகொழு என்றிருந்தான். ஐந்தாம் மாதத்தில் நாக்கில் வெள்ளை படிந்தது. மருந்து தடவினால் போகும், நிறுத்தினால் வரும். பிறகு இருமல். பிறகு வயிற்றுப்போக்கு. பிறந்தவுடன் இடது கையில் போட்ட காசநோய்த் தடுப்பூசி, எல்லாக் குழந்தைக்கும் போடுகிற அதே ஊசி, போட்ட இடத்தில் ஒரு சின்னப் புண்ணாகி ஆறாமல் இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் வரும், தழும்பாகிவிடும் என்று நானே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விளக்கம் சொன்னேன்.

எடை ஏறவில்லை என்றதும் எனக்குள் லேசாக உதைத்தது. ரத்தம் எடுத்தேன். பெற்ற பிள்ளையின் பிஞ்சு நரம்பில் ஊசி போட என்னாலேயே முடிந்தது, அவ்வளவு திமிர். மெஷின் எண்ணிக்கை கொடுத்தது. எனக்குப் போதவில்லை. ஸ்லைடு இழுத்து, ஊதாச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து நூறு வெள்ளணுக்களை ஒன்றொன்றாக எண்ணினேன். நோயை எதிர்க்கிற லிம்போசைட் அணுக்கள், உருண்டையாக, கருநீல மையத்தோடு, அந்த வயதுக் குழந்தைக்கு எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனை இருந்தன. கம்மியும் இல்லை, ஜாஸ்தியும் இல்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

வெள்ளிமலைக்குப் போன் போட்டேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"எண்ணிட்டேன் மாமா. எல்லாம் கரெக்டா கீது."

"நீயே பாத்துட்டியா?"

"நானேதான் பாத்தேன்."

"அப்ப சரி" என்றார். அவருடைய மூச்சு இறங்கியது எனக்குக் கேட்டது.

ஊர் டாக்டரும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, எதிர்ப்புச் சக்தியில் குறை எதுவும் இல்லை, சாதாரண சளிதான், பயப்படாதீர்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ரிப்போர்ட் அட்டையில் 'இயல்பு' என்று எழுதியது நான். அதை நம்பி மூன்று வாரம் வீட்டு வைத்தியமும் சிரப்புமாக ஓட்டினோம்.

நான்காம் வாரம் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. ஆம்புலன்ஸில் உளுந்தூர்பேட்டை தாண்டும்போது லாரிகள் வழிவிடாமல் நின்றன. மாமா கதவைத் திறந்து இறங்கி, நடுரோட்டில் கையெடுத்துக் கும்பிட்டார். அதுவரை அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

சென்னையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். என்னைவிட இளையவராக இருக்கலாம். அவர் வேறொரு சோதனைக்கு ரத்தம் அனுப்பினார். லிம்போசைட்டுகளை வகை வகையாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை. அது எங்கள் ஊரில் கிடையாது. முடிவு வந்ததும் எங்களை உட்கார வைத்தார்.

"நான் எண்ணிப் பார்த்தேன் மேடம். எண்ணிக்கை சரியாக இருந்தது" என்றேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கெஞ்சினேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எண்ணிக்கை சரிதான்மா" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். லிம்போசைட்டில் ஒரு வகையான டி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய் அங்கேதான் வளர்ந்து வேலைக்குத் தயாராகின்றன. கிருமி வந்திருக்கிறது என்ற சேதி அணுவின் மேல்தோலில் வந்து சேரும். அதை உள்ளே கொண்டு போக ஒரு நொதி வேண்டும். ஜாப் எழுபது என்று பெயர். உங்கள் மகனுக்கு அந்த நொதி உருவாகவில்லை. அது இல்லாததால் டி அணுவில் ஒரு வகை, கிருமி புகுந்த அணுவைக் கொல்கிற வகை, சுரப்பியை விட்டு வளர்ந்து வெளியே வரவே இல்லை. இன்னொரு வகை வந்திருக்கிறது, நிறையவே இருக்கிறது, அதைத்தான் நீங்கள் எண்ணினீர்கள். ஆனால் அதற்குச் சேதி போய்ச் சேராது.

மாமா குனிந்தபடியே கேட்டார். "வாசல்ல காலிங் பெல்ல அமுத்தறாங்க. உள்ள ஆளு கீது. நடுவுல ஒயரு அறுந்து கெடக்கு. அப்டிங்களா?"

"அப்படியேதான் சார்" என்றார் டாக்டரம்மா.

உள்ளே இருந்த ஆட்களை நான் எண்ணிவிட்டு வீடு பத்திரமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் ஒயர் தெரியாது. எந்த வகை டி அணு என்றுகூடத் தெரியாது. எல்லாம் ஒரே உருண்டை. படிக்கும்போது இதை வரி மாறாமல் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

எங்கள் இருவருக்கும் அந்த நொதியை உருவாக்கும் மரபணுவில் ஒரு பிரதி சரி, ஒரு பிரதி பிழை. இரண்டு பிழையும் மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. சொந்தத்தில் கட்டினால் இப்படி நேர வாய்ப்பு அதிகம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். கையில் போட்ட அந்தத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. மற்றப் பிள்ளைகளின் உடம்புக்கு அது கிருமியை அடையாளம் காட்டும் பாடம். என் பிள்ளைக்கு அதுவே நோயாகி, அக்குளில் நெறி கட்டி, உள்ளே பரவியிருந்தது. மாற்று எலும்பு மஜ்ஜைக்கு ஆள் தேடினார்கள். ஏற்ற ஆள் அமைவதற்குள் நுரையீரல் கைவிட்டுவிட்டது. பதினோரு மாதம் முடியவில்லை. எங்கள் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் புதைத்தோம். கையில் அந்தப் புண்மேல் கட்டியிருந்த துணியை மாற்றி, புதுத் துணி நான்தான் கட்டினேன். மாமா அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரைக்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் ரத்தத்தை இழுத்த ஸ்லைடை மட்டும் காகிதத்தில் சுற்றி லேப் மேசை டிராயரில் வைத்திருந்தேன்.

மறுபடி நாள் தள்ளிப்போனபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் மாதத்துக்குள் வந்தால் கருவிலேயே சோதித்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. மாமா இரண்டு தடவை லீவு போட்டுவிட்டுக் கீழே வந்து, பையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு மயக்கம், வாந்தி என்று பொய் சொன்னேன். வயிற்றில் ஊசி போட்டால் கலைந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆமாம் என்று முடிவு வந்தால் அதன் பிறகு என்ன செய்வேன் என்ற பயம் இன்னொரு பக்கம். படித்த பெண் செய்கிற வேலையா என்று கேட்டால், இல்லைதான்.

மகள் பிறந்தாள். பிரசவ அறைக்குப் போகும் முன்பே நர்ஸ்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், முடிவு வரும்வரை இடது கையில் அந்த ஊசி போடக் கூடாது, அதேபோல் உயிருள்ள கிருமி இருக்கும் போலியோ சொட்டும் கூடாது என்று. தொப்புள்கொடி ரத்தத்தை இரண்டு குழாயில் பிடித்து மாமா அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறினார். சட்டைக்குள் மார்போடு வைத்துக் கொண்டுபோனாராம்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் எனக்கே வெட்கம். பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பினேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் கையில் வாங்கி உச்சி முகர்ந்து, வாயில் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்காமல் போனால் அது மரியாதைக் குறைச்சல். ஒரு சித்தி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளிருந்து கதவை ஒருக்களித்துப் பார்த்து, "அப்றமா வாங்க" என்றேன். அவள் அப்புறம் வரவே இல்லை. அத்தை துணி மாற்றி, கை கழுவி, முகத்தை மூடிக்கொண்டால்தான் பிள்ளையைக் குளிப்பாட்ட விடுவேன். மாமா வெள்ளிக்கிழமை மலையிலிருந்து வந்தால் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார். கம்பி வழியாக மகளின் கால் கட்டைவிரலைத் தொடப் போவார். வேண்டாம் என்பேன். கையை எடுத்துக்கொள்வார்.

முடிவு வந்தது. இரண்டு வகை டி அணுவும் இருக்கின்றன. நொதி இருக்கிறது. மரபணுவில் ஒரு பிரதி மட்டும் பிழை, எங்களைப் போலவே. நோய் இல்லை.

அத்தை சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். நான் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'இயல்பு' என்று எழுதியிருந்தது. யாரோ ஒருத்தி, என்னைப் போல ஒருத்தி, எழுதியிருப்பாள். லேப் வேலை எனக்குத் தெரியாதா? சாப்பாட்டு நேரத்தில் இரண்டு குழாய் பக்கத்துப் பக்கத்துத் துளையில் இருக்கும், ஒட்டுச்சீட்டு ஈரத்தில் கழன்றிருக்கும், ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒட்டிவிட்டால் முடிந்தது. வேறு யார் பிள்ளையின் ரத்தமோ இது? மறுபடி ரத்தம் எடுத்தேன். மாமா மறுபடி பஸ் ஏறினார். மறுபடி அதே முடிவு.

மகப்பேறு விடுப்பில் இருந்தவள் ஒரு நாள் மத்தியானம் லேபுக்குப் போய், மகளின் ரத்தத்தையும் ஸ்லைடில் இழுத்தேன். டிராயரிலிருந்து அவனுடையதை எடுத்தேன். ஒன்று மாற்றி ஒன்று மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அவனுடையதில் சாயம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே உருண்டை, அதே கருநீலம். இவளுடைய அணு சேதியை வாங்கும், அவனுடையது வாங்காது என்று எந்தக் கண் சொல்லும்? பாய் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"போதும்மா" என்றார். "வூட்டுக்குப் போ. புள்ள பாலுக்கு அழுவும்."

மூன்று மாதம் முடிந்தது. தடுப்பூசி போடச் சொல்லி சுகாதாரச் செவிலியர் நான்கு தடவை வந்துவிட்டுப் போனார். பிள்ளை தூங்குகிறது, சூடாக இருக்கிறது, ஊருக்குப் போயிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பொய். ஒரு நாள் அவர் பொறுமையிழந்து, "நீங்களே லேப்ல வேல செய்றீங்க. நீங்களே இப்டிப் பண்ணா இன்னாங்க அர்த்தம்?" என்று கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாமா இருமிக்கொண்டே வந்தார். பள்ளியில் ஒரு மாணவியின் அப்பாவுக்குக் காசநோய் உறுதியாகியிருந்தது. அவரோடு மாமா ஒரே ஜீப்பில் இரண்டு மூன்று தடவை மலை இறங்கியிருக்கிறார். மறுநாள் காலை மாமாவின் சளியை ஸ்லைடில் தேய்த்து நானே பார்த்தேன். சிவப்புக் குச்சி போன்ற அந்தக் கிருமி ஒன்றும் தென்படவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று நான் சொல்லி என்ன ஆனது என்று பார்த்தாகிவிட்டதே. அரசு ஆஸ்பத்திரியில் மெஷினிலும் பார்த்தார்கள், இல்லை. வெறும் சளிதான். ஆனால் அந்த இரண்டு நாளில் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு பிள்ளையைக் கொன்ற ஊசி என்று எதை நான் ஒளித்து வைத்தேனோ, அது இல்லாததால் இன்னொரு பிள்ளை வெறும் உடம்போடு கிடக்கிறாள்.

மாமா ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். "எத்தினி நாளு இப்டியே கதவ சாத்திக்கினு ஒக்காந்துனு இருப்ப? ரெண்டு தபா ரிப்போர்ட்டு வந்துச்சி. எனக்கும் பயமாத்தான் கீது. உன்னாட்டமே பயமா கீது. ஆனா பயந்துக்கினே போட்டுடலாம்."

சென்னை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். காகிதத்தை நம்ப முடியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஊசி போட்ட இடத்தைப் பாருங்கள். சில வாரம் கழித்துச் சிவக்கும், வீங்கும், சீழ்கூட வைக்கும். பயப்படக் கூடாது. சேதி போய், அணுக்கள் வந்து வேலை செய்கின்றன என்று அர்த்தம். பிறகு தானே ஆறி, வடு விழும். மருந்து எதுவும் தடவாதீர்கள். உங்கள் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள் என்றால், அதைப் பாருங்கள்."

அடுத்த புதன்கிழமை போட்டார்கள். மகள் வீறிட்டாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்ததில் என் விரல் பதிந்த இடம்தான் ஜாஸ்தி சிவந்திருந்தது.

இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லையே என்று பயந்தேன். நான்காம் வாரம் ஒரு சின்ன முண்டு. வந்துவிட்டதே என்று பயந்தேன். ஆறாம் வாரம் சீழ் வைத்தது. அவன் கையில் பார்த்த அதே மஞ்சள், அதே இடம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு குளியலுக்கும் அக்குளில் விரலை விட்டுத் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினேன். நாக்கை இழுத்துப் பார்த்தேன், பால் ஒட்டியிருந்தால்கூட வெள்ளை படிந்ததாகத் தெரிந்தது. தினமும் எடை போட்டேன். பிள்ளை என்னைப் பார்த்தாலே சிணுங்க ஆரம்பித்துவிட்டாள், பாவம், நான் தூக்குவதே சோதிக்கத்தான் என்று ஆகியிருந்தது.

அத்தை மஞ்சளை இழைத்துக்கொண்டு வந்தாள். தடவக் கூடாது என்று தட்டிவிட்டேன். கிண்ணம் உருண்டது.

"எம் பேத்தி இல்லியா அது?" என்றாள். "நாந்தான் கட்டி வெச்சேன். நம்ம ரத்தம் நம்ம ரத்தம்னு நாந்தான் சொல்லிக்கினு கெடந்தேன். எனுக்குத் தெரியாதா? தெனமும் எனுக்கு அதே நெனப்புதான்." முந்தானையால் தரையில் சிந்திய மஞ்சளைத் துடைத்தாள். அவளும் பயந்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பயம் முழுவதும் என் சொத்து என்று நினைத்திருந்தேன். நானும் குனிந்து துடைத்தேன்.

எட்டாம் வாரம் சீழ் வற்றியது. ஒன்பதாம் வாரம் பொருக்குத் தட்டியது. அவனுக்குப் பொருக்குத் தட்டியதே இல்லை, அதனால் இதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குப் பார்த்துப் பழக்கம் இல்லை. புத்தகத்தில் படித்திருக்கிறேன். புத்தகத்தில் படித்ததை விட்டுவிட்டுத் தன் கண்ணை நம்பியவள் கதைதான் இது.

பதினோராம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. அத்தை கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல அக்குளைத் தடவக் குனிந்தேன். பொருக்கு இல்லை. நேற்று இருந்த இடத்தில் அவரை விதை அளவுக்கு ஒரு பள்ளம், இளஞ்சிவப்பாக, பளபளவென்று. அழுத்தினேன். பிள்ளை அழவில்லை. தண்ணீரை அடித்துச் சிரித்தாள். அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

ஈரக் கையோடு வெள்ளிமலைக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை சிக்னல் போய், மூன்றாம் தடவை எடுத்தார். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, ஆறிடுச்சி. தழும்பு வுழுந்துடுச்சி."

"நீயே பாத்தியா?"

"நானேதான் பாத்தேன்."

வாய்ப்பாட்டுச் சத்தம் தூரமாகியது. வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்தது. லைன் போய்விட்டதோ என்று நினைத்துக் காதிலிருந்து எடுக்கப் போனேன்.

"பெரியவனுக்கு ஆறவே இல்லல்ல?" என்றார்.